உயிரோடு இருப்பவளின் பெயர்

கிழவியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது இப்போது அவளுடைய பெயர் இல்லை. யாருடையது என்றும் சொல்ல மாட்டேன். எமனுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே தெரிகிறது, அவனுக்கா தெரியாது?

நான் துபாய்க்கு வந்தது சமைக்க. முதலில் அல் கூஸில் ஒரு தொழிலாளர் கேம்ப் மெஸ்ஸில் இருந்தேன். அண்டாவுக்குள் தலையை விட்டுக் கரண்டி போட்டுத் தோள்பட்டை கழன்ற பிறகு, அஜ்மானில் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிற என் மகன்தான் இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தான்.

"அம்மா, அவங்க யூதங்க. வீட்டுல ஒரு வயசான பொம்பளை இருக்கு. கொச்சியில பெறந்ததாம். மலையாளம் பேசுமாம், கேக்கதுக்கு ஆளில்லையாம்."

"கேக்கதுக்கா? நான் யாரு பேச்சைடே கேட்டிருக்கேன்?"

"அதனாலதான் ஒன்னை அனுப்புதேன். ரெண்டு கொழுப்பும் ஒரே எடத்துல கெடக்கட்டும்."

நாகர்கோவில்காரிக்கு மலையாளம் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி. பேச வராவிட்டாலும் முழுசாகப் புரியும். கிழவி மலையாளத்தில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன், இரண்டும் கலந்து ஒரு பாஷை ஆகிவிட்டது. அதை அப்படியே எழுதினால் கொச்சிக்காரர்களும் அடிப்பார்கள், எங்கள் ஊர்க்காரர்களும் அடிப்பார்கள். அதனால் அவள் பேச்சை என் தமிழில்தான் எழுதுகிறேன்.

வீட்டில் கிழவி, அவள் மகன் வயிற்றுப் பேத்தி, பேத்தியின் புருஷன், அவ்வளவுதான். பேத்திக்குக் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் கம்பெனியில் வேலை. கிழவி பிறந்தது மட்டாஞ்சேரியில். ராஜாவின் கோயிலுக்கும் இவர்கள் ஜெபக்கூடத்துக்கும் நடுவில் ஒரே சுவராம். இந்தப் பக்கம் மணி அடித்தால் அந்தப் பக்கம் பாட்டு நிற்காதாம். இவள் சிறுமியாக இருந்தபோது தெருவோடு கிளம்பிப் போய்விட்டார்கள், அவர்கள் வேதத்தில் இருக்கிற ஊருக்கு.

"தென்னமரத்தடியில உக்காந்துகிட்டு, எங்க பாலைவனம் எங்க பாலைவனம்னு ரெண்டாயிரம் வருஷம் அழுதோம்டி. போய் எறங்கிப் பாத்தா, நெசமாவே பாலைவனம்."

அந்தப் பாலைவனத்தில் கண்ணாடிக் கூடாரம் போட்டு ரோஜா வளர்த்தார்களாம். ஒரு மகன் இன்னும் வளர்க்கிறான். பேத்திக்கு இங்கே வேலை கிடைத்ததும் கிழவியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். காரணம் கேட்டதற்குக் கிழவி சொன்னது, "இங்க புழுக்கம் கொச்சி மாதிரியே இருக்கு. சாகுறதுக்குத் தோதான ஊரு."

"அப்ப ஏன் சேச்சி இன்னும் சாகாம இருக்கீங்க?" என்றேன். அது நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். பேத்தி மட்டும் அங்கே இருந்து, புரிந்தும் இருந்தால், என்னை அன்றைக்கே அஜ்மானுக்கு ஏற்றி விட்டிருப்பாள். கிழவி பல்செட்டு ஆடச் சிரித்தாள்.

"நீ வெக்கிற மீன்கறியில அதுக்கான காரம் இல்லடி" என்றாள்.

அன்றிலிருந்து நாங்கள் ஒருத்தியை ஒருத்தி விடவில்லை.

அந்த வீட்டில் சட்டம் ஏகப்பட்டது. பால் பாத்திரம் வேறு, கறிப் பாத்திரம் வேறு. முட்டையை நேரே சட்டியில் உடைக்கக் கூடாது, ஒரு கண்ணாடிக் கோப்பையில் உடைத்து, ரத்தப்பொட்டு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கொட்டிவிட வேண்டும். அடுப்பைக் கிழவிதான் பற்ற வைக்க வேண்டும். நெருப்பு அவர்கள் கையால் வந்தால்தான் சாப்பாடு அவர்களுக்கு ஆகும். பற்ற வைப்பது அவள், வேகிறது நான்.

சனிக்கிழமை அவர்கள் ஒரு சுவிட்சைத் தொட மாட்டார்கள். என்னைத் தொடச் சொல்லவும் கூடாது. வாயைத் திறந்து "லைட்டைப் போடு" என்று சொன்னால் குற்றம். ஆனால், "என்ன இருட்டா இருக்கு" என்று சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம். அதாவது சாடை. மாமியார் வீட்டில் இருபது வருஷம் நான் படித்த படிப்பு அதுதான். "இந்த வீட்டுல காப்பின்னு ஒண்ணு இருந்தது ஒரு காலத்துல" என்று என் மாமியார் தூணிடம் சொல்வாள், தூண் எழுந்து போய்க் காப்பி போட வேண்டும். அதனால் கிழவி ஒரு சனிக்கிழமை, "புழுக்கம் ஆளைக் கொல்லுது" என்று கதவைப் பார்த்துச் சொன்னபோது எனக்கு உடனே புரிந்தது. புரியாத மாதிரி உட்கார்ந்து பாகற்காய் நறுக்கினேன்.

"நெத்தியில வேர்வை ஊத்துது" என்றாள் கதவிடம்.

"வயசானா அப்படித்தான் சேச்சி."

"சில மிருகங்களுக்கு மனுஷ பாஷை வெளங்காது" என்றாள். இதுவும் கதவிடம்தான். அதற்குப் பிறகே எழுந்து போய் ஏசியைப் போட்டேன்.

பேத்தி உண்டானதும் கிழவிக்கு ஒரே ஒரு ஆசை. பெண் குழந்தை பிறந்தால் தன் பெயரை வைக்க வேண்டும். அது அவளுடைய பாட்டியின் பெயர். அந்தப் பாட்டிக்கு அவளுடைய பாட்டியின் பெயர். கொச்சியில் ஒருத்தி உயிரோடு இருக்கும்போதே அவள் பெயரைப் பேத்திக்கு வைத்துவிடுவார்களாம். செத்த பிறகு வைத்தால் அது மிச்சம் மீதி கொடுக்கிற மாதிரி.

"நான் எங்க பாட்டி மடியில இருப்பேன். வாசல்ல இருந்து எங்க அம்மா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவா. ரெண்டு தலையும் ஒண்ணா திரும்பும். எங்க அம்மா தலையில அடிச்சுக்கிட்டுச் சிரிப்பா. அது எனக்கு ஒருதரம் வேணும்டி. நானும் அதுவும் ஒண்ணா திரும்பணும். அப்புறம் என்னைத் தூக்கிக் குப்பையில போடு."

அவளுக்கு மகள் கிடையாது. மகன்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம், இந்தப் பேத்திக்கும்தான், அந்த நாட்டில் வானம், அலை, பனித்துளி என்று அர்த்தம் வருகிற பெயர்கள். அந்தப் பெயர் போகிறதுக்கு இந்தப் பேத்தியை விட்டால் வேறு வழி இல்லை.

"ஆசைப்படாதிய சேச்சி" என்று நான் என் கதையைச் சொன்னேன். "என் மகனும் எம்பேரைத்தான் புள்ளைக்கு வெச்சான். மருமக மாமியார் பேரை வாயால சொல்லக் கூடாதுல்லா? அதனால வீட்டுல கூப்பிடதுக்கு வேற பேரு. பாஸ்போர்ட்டுல மட்டும் நான் இருக்கேன். ஆனா புள்ள பாலைக் கொட்டினா மட்டும் அவளுக்கு அந்தப் பேரு ஞாபகம் வந்துரும். 'ஏய்'னு தொடங்கி முழுப் பேரையும் சொல்லி முதுகுல ஒண்ணு வெப்பா. அஜ்மான்ல ஏழாவது மாடி வரைக்கும் கேக்கும். நான் இங்க கெடந்து அங்க அடி வாங்குதேன்."

கிழவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அடி வாங்கினாலும் பேரு அங்க இருக்குல்லடி" என்றாள்.

எட்டாம் மாசம் சம்பந்தியம்மாள் வந்து இறங்கினாள். பேத்தி புருஷனின் அம்மா. அவர்கள் ஐரோப்பாக்காரர்கள். ஒரே வேதம், ஒரே சாமி, ஒரே சனிக்கிழமை. மற்றபடி எங்கள் ஊர் ஐயர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம். நெட்டையாக, வெள்ளையாக, உப்பு போடாத இட்லி மாதிரி இருந்தாள்.

முதல் நாள் விருந்துக்குக் கிழவி சொல்லித் தந்தபடி தேங்காய்ப்பால் விட்டு ஆட்டுக்கறி வைத்திருந்தேன். மூடியைத் திறந்தாள். வெள்ளை வெளேர் என்று குழம்பு. கரண்டி கீழே விழுந்தது. கறியும் பாலும்! அவர்கள் சட்டத்தில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. மகனுடைய கையைப் பிடித்து மேசையை விட்டு இழுத்தாள். பேத்தி, தேங்காய், தேங்காய் என்று கத்துகிறாள். அவள் காதில் ஏறவில்லை.

கிழவி எழுந்து அடுக்களைக்குப் போனாள். துருவிப் போட்ட தேங்காய்ச் சிரட்டையை எடுத்துவந்து, குழம்புச் சட்டி பக்கத்தில் டொக்கென்று வைத்தாள். அது அவர்கள் வேதக்காரர்களே சொல்லி வைத்த வழிதானாம். பால் மாதிரி இருக்கிற எதையும் கறியோடு வைத்தால், அது எதிலிருந்து வந்ததோ அதையும் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். பார்க்கிறவன் தப்பாக நினைக்கக் கூடாது.

சம்பந்தியம்மாள் சிரட்டையைப் பார்த்தாள். முகம் சிவந்தது. உட்கார்ந்து சாப்பிட்டாள், இரண்டு தடவை வாங்கியும் சாப்பிட்டாள்.

"அவ மூஞ்சிக்குப் பக்கத்துலயும் எதையாவது வைக்கணும்" என்றாள் கிழவி என்னிடம். "எதுல இருந்து வந்ததுன்னு தெரிய மாட்டேங்குது."

சம்பந்தியம்மாள் புன்னகையோடு, என்ன சொல்கிறார் என்று பேத்தியைக் கேட்டாள். பேத்திக்குப் பாட்டி மடியில் கற்ற மலையாளம் கொஞ்சம் உண்டு. அவள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

அடுத்த மோதல் என்னால். கராமா கடைவீதியில் கண்ணாடி வளையல் வாங்கிவந்து, பேத்திக்கு வளைகாப்பு போட உட்கார்த்தினேன். சம்பந்தியம்மாள் பாய்ந்து வந்து வளையலைப் பிடுங்கினாள். பிள்ளை வெளியே வந்து அழுகிற வரைக்கும் ஒரு துணி, ஒரு தொட்டில், ஒரு வளையல் வீட்டுக்குள் வரக் கூடாதாம், கண் பட்டுவிடுமாம். தூ தூ தூ என்று மூன்று பக்கம் துப்பினாள். கண்ணேறுக்குத் துப்புவது எங்கள் பக்கமும் உண்டு என்பதால் நானும் மரியாதைக்குத் துப்பினேன். கிழவி, "தரையைத் தொடைக்கப் போறது நீதான், பாத்துத் துப்பு" என்றாள்.

பெயர் விஷயத்தைப் பேத்தி ஒரு மத்தியானம் மெதுவாக எடுத்தாள். வயிற்றில் இருப்பது பெண் என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டது. பாட்டி பெயரை வைக்கலாம் என்று இருக்கிறோம் என்றாள். சம்பந்தியம்மாள் டீ கோப்பையை வைத்துவிட்டாள்.

அவர்கள் பக்கம் செத்தவர்கள் பெயரை மட்டும்தான் வைப்பார்கள். உயிரோடு இருப்பவள் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால், அவளைச் சீக்கிரம் போ என்று சொல்வது மாதிரி. அதைவிடப் பயம் இன்னொன்று. எமனுடைய தூதன் பெயரை வைத்துத்தான் ஆளைத் தேடி வருவானாம். ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் கிழத்தை விட்டுக் குழந்தையைத் தூக்கிவிடுவான்.

"அவன் அவ்வளவு குருடனா?" என்று கிழவி கேட்டாள். "பல்லு இருக்கா இல்லையான்னு பாத்தாத் தெரியாதா?"

"ரெண்டு பேருக்கும் பல்லு இல்லியே சேச்சி" என்றேன் நான்.

பேத்தி இரண்டையும் மொழிபெயர்க்கவில்லை. சம்பந்தியம்மாள் கோபப்படவும் இல்லை. தன் பெயர், அம்மாவின் அக்காளுடையது என்றாள். அந்தப் பெரியம்மாவுக்குப் போகும்போது ஆறு வயசு. புருஷன் பெயர் ஒரு மாமாவுடையது. மகன் பெயர் இன்னொருவருடையது. அவர்கள் எல்லாரையும் ஒரே குளிர்காலத்தில் பட்டாளக்காரர்கள் ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள், யாரும் திரும்பவில்லை.

"எங்க வீட்டுல பேருக்குப் பஞ்சமே கெடையாது" என்றாள். "வரிசையில நிக்குதுங்க. புள்ளைங்கதான் பத்தல."

பேத்தி அதைப் பாட்டிக்குச் சொன்னாள். கிழவி தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எங்க ராஜா எங்களை ஒண்ணும் செய்யலையே" என்றாள் கடைசியில். "நெலம் குடுத்தான், பக்கத்துலயே வெச்சுக்கிட்டான். ஒருத்தனும் எங்களைக் கொல்லல. அதனால எங்ககிட்டப் பேரு கம்மி. இருக்கிறதையே திருப்பித் திருப்பி வெச்சுக்கிட்டோம்."

அப்போதும் சம்பந்தியம்மாள் அசையவில்லை. அவள் சொன்னது பேத்தி வாயில் இப்படி வந்தது: "பாட்டி பேரை நான் கண்டிப்பா வெப்பேன். ஆனா காலியானப்புறம்."

"கேட்டியாடி? நான் செத்தாத்தான் தருவாளாம்."

"நல்ல விலைதானே சேச்சி. பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. முயற்சி பண்ணுங்க" என்றேன்.

கிழவி சிரிக்கவில்லை. என் பகடி முதல் தடவையாகக் கீழே விழுந்தது. அவள் எழுந்து அறைக்குள் போய் ஏசியைக் கடைசிக் குளிரில் வைத்துப் போர்வை இல்லாமல் படுத்துக்கொண்டாள். வீம்பு. எண்பதைத் தாண்டியவளுக்கு வீம்புக்கு வேறு என்ன ஆயுதம் இருக்கிறது?

இந்த ஊரில் வெயிலில் விழுந்து சாகிறவர்களை எனக்குத் தெரியும். குளிரில் சாகக் கிடந்தது இவள் ஒருத்திதான். நாலாம் நாள் நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் போட்டார்கள். மூக்கில் குழாய், கையில் ஊசி. டாக்டர் பேத்தியைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினார். பேத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

உண்மையில் உடைந்து போனது சம்பந்தியம்மாள்தான். தான் அந்தப் பேச்சைப் பேசியதால்தான் இப்படி ஆயிற்று என்று நினைத்தாள். மறுநாள் காலை கட்டில் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு வழி சொன்னாள். உயிருக்கு இழுக்கிறவர்களுக்கு அவர்கள் புதுப்பெயர் வைப்பார்களாம். தூதன் பழைய பெயரோடு வருவான், அந்தப் பெயரில் ஆள் இல்லை என்று திரும்பிப் போய்விடுவான். என்ன பெயர் வைப்பார்கள் என்று கேட்டேன். 'உயிர்' என்று அர்த்தம் வருகிற பெயர் ஒன்று, இல்லாவிட்டால் 'கிழவி' என்றே வைப்பார்கள், ரொம்ப காலம் இருக்கட்டும் என்று.

"கிழவியா! நான் வந்த நாள்ல இருந்து மனசுக்குள்ள அப்படித்தானே கூப்பிடுதேன். இதுக்கு ஒரு பூசாரி வேணுமாக்கும்?"

குழாய்க்குக் கீழே கிழவியின் உதடு கொஞ்சம் கோணியது.

"எங்க ஊர்லயும் உண்டு சேச்சி" என்று அவள் காதருகில் குனிந்து சொன்னேன். "புள்ளைங்க பெறந்து பெறந்து சாகும்லா? அடுத்ததைப் பெறந்த உடனே கொண்டுபோய்க் குப்பைமேட்டுல போட்டுருவோம். போட்டுட்டு, பக்கத்து வீட்டுக்காரி எடுத்துட்டு வருவா, அவகிட்ட இருந்து தவிட்டுக்கு வாங்கிக்கிடுவோம். குப்பைன்னே பேரும் வெச்சுருவோம். எமன் வந்து பாப்பான். அந்த வீட்டுப் புள்ளைய காணல, குப்பைதான் கெடக்குன்னு போயிருவான்."

"அப்போ பழைய பேரு?" என்று மூச்சுக்கு நடுவில் கேட்டாள்.

"எந்தப் பழைய பேரு?"

"வெக்கணும்னு நெனச்சிருந்த பேரு."

"அது சும்மாதான் கெடக்கும். அடுத்த புள்ளைக்கு வெப்பாவ."

கிழவி கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பேத்தியைக் கூப்பிட்டு, சம்பந்தியம்மாளிடம் சொல்லச் சொன்னாள்: சரி, பெயரை மாற்றட்டும்.

வழக்கப்படி புதுப்பெயரைப் பழைய பெயருக்கு முன்னால் சேர்ப்பார்கள், இரண்டும் இருக்கும். கிழவி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "பழைய பேரு வால் மாதிரி தொங்கிட்டிருந்தா, அவன் வாலைப் பிடிச்சு இழுப்பான். வெட்டிரு. முழுசா."

போனில் இருந்த பூசாரி, அப்படிச் செய்வது வழக்கமில்லையே என்று இழுத்தார். சம்பந்தியம்மாள் விட்டாளா? கையை ஆட்டி, குரலை உயர்த்தி, கிழவிக்காக அவரோடு சண்டை போட்டாள். உயிர் பெரிசா வழக்கம் பெரிசா என்று கேட்டாளாம். கடைசியில் அவர் ஒத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பத்து ஆண்கள் கூடினார்கள், அவர்கள் ஜெபத்துக்குப் பத்துப் பேர் வேண்டும். நான் டீ வைப்பதற்காக ஒண்ணு, ரெண்டு என்று விரல் நீட்டி எண்ணினேன். சம்பந்தியம்மாள் என் விரலைப் பிடித்து மடக்கினாள். ஆட்களை எண்ணக் கூடாதாம். பத்து வார்த்தை உள்ள ஒரு ஜெப வரியை ஆளுக்கு ஒரு வார்த்தையாகச் சொல்லிப் பார்த்தார்கள். வார்த்தை மிச்சம் இல்லை என்றால் ஆள் சரி. எங்கள் வயலில் நெல் அளக்கிறவன் ஒன்று என்று சொல்ல மாட்டான், லாபம் என்றுதான் தொடங்குவான். நானும் அப்படியே லாபம் என்று மனசுக்குள் தொடங்கி டீ எடுத்து வைத்தேன். போனில் கிழவியின் முகத்தைக் காட்டினார்கள். ஜெபம் முடிந்தது. கிழவியின் பெயர் அதோடு போயிற்று, 'கிழவி' வந்தது.

மறுநாள் குழாயை எடுத்திருந்தார்கள். சம்பந்தியம்மாள் புதுப்பெயரைச் சொல்லி அழைத்து, ஆரஞ்சுச் சாறு கொடுத்தாள். கிழவி குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"மோளே, கேளு இவகிட்ட" என்றாள் பேத்தியிடம். "அந்தப் பழைய பேரு இப்ப யாருது?"

சம்பந்தியம்மாள் யாருடையதும் இல்லை என்றாள்.

"உயிரோட இருக்கிறவ யாருக்காவது அந்தப் பேரு இருக்கா?"

இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மாறியது. என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"காலியாயிடுச்சில்ல?" என்றாள் கிழவி. "அப்ப வை."

கோப்பையை அவள் தலையில் கவிழ்க்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். சம்பந்தியம்மாள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. திரும்பி வந்து சொன்னாள்: "நீங்க செத்தா அழலாம்னு நெனச்சிருந்தேன். இப்ப யோசிக்கணும்."

"மெதுவா யோசி. அவசரமில்ல" என்றாள் கிழவி.

ஆனால் சம்பந்தியம்மாளும் லேசுப்பட்டவள் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கிழவியின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டாள். அதைச் சொல்லும்போது பேத்தியின் குரல் இறங்கிப் போனது. இனிமேல் அந்தப் பெயரை யார் கூப்பிட்டாலும் பாட்டி திரும்பக் கூடாது. ஒரு தடவை கூட. திரும்பினால் தூதனுக்குத் தெரிந்துவிடும், பழைய ஆள் இங்கேதான் இருக்கிறாள் என்று. அப்புறம் அந்தப் பெயரில் இரண்டு பேர். அவன் எதை எடுத்துப் போவான் என்று யாருக்குத் தெரியும்?

கிழவி அந்த நம்பிக்கையைக் கேலி செய்வாள் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. அந்த நம்பிக்கையை வைத்துத்தானே பெயரை வாங்கினாள். பாதி உண்மை என்று ஒரு நம்பிக்கை கிடையாது.

"சரி" என்றாள்.

கிழவி வீட்டுக்கு வந்த மறுவாரம் குழந்தை பிறந்தது. வில்லா ஒன்றில் இருக்கிற ஜெபக்கூடத்தில் அடுத்த சனிக்கிழமை வேதம் படிக்கும்போது அப்பன்காரன் அந்தப் பெயரைச் சொல்லி வைத்தான். கிழவி பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பெயரைச் சொன்ன உடனே அவள் தலை முன்னால் போயிற்றாம், சம்பந்தியம்மாள் அவள் தாடையைப் பிடித்து நேராக்கினாளாம். பேத்தி வந்து சொன்னாள்.

வீட்டில் நிலைமை மோசம். எண்பது வருஷம் திரும்பிய கழுத்து. "குளிப்பாட்டணும்" என்று பேத்தி பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், கிழவி ஹாலில் இருந்து எழுந்து வருவாள். "ஈரம் பண்ணிட்டா" என்று அப்பன்காரன் பெயர் சொல்லிக் கத்துவான், கிழவி துள்ளி எழுந்து தன் உடுப்பைப் பார்ப்பாள். சம்பந்தியம்மாள் ஊருக்குப் போவதற்கு முன் என் இரண்டு கையையும் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. ஆனால் கழுத்தைக் காட்டி விரலை ஆட்டினாள். புரிந்தது.

அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கிழவி டிவி பார்க்கும்போது பின்னால் போய் அந்தப் பெயரைச் சொல்வேன். திரும்பினால் ஈரத் துண்டால் கழுத்தில் ஒரு சுண்டு. காய் நறுக்கும்போது சொல்வேன். கண் அசரும்போது சொல்வேன். ஒருநாள் அவள் அம்மா கூப்பிடுகிற மாதிரி, வாசலில் இருந்து நீட்டிக் கூப்பிட்டேன். எப்படிக் கூப்பிடுவாள் என்று அவளே முன்பு செய்து காட்டியிருந்தாள். முழு உடம்பையும் திருப்பிவிட்டாள். துண்டை ஓங்கினேன்.

"பாவி" என்றாள். "செத்தவ குரலை எடுத்துட்டு வராதடி."

"எமன் மட்டும் மரியாதையா வருவானா?" என்று கேட்டு, சுண்டினேன். கழுத்து சிவந்து போயிற்று. அன்று அவள் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் அவளே வந்து, "கூப்பிடு" என்று சுவரைப் பார்த்து நின்றாள்.

அப்படியே மாசங்கள் போயின. கிழவி கெட்டியானாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் கையில் செய்துகொண்டிருப்பது நின்றுவிடும், அதை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை. கை கூப்பிட்டவளைப் பார்ப்பதில்லையே என்று விட்டுவிட்டேன்.

குழந்தைக்குக் கழுத்து நின்று, உட்காரப் பழகியது. ஒரு காலை நான் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றேன். கிழவி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முட்டையைக் கோப்பை விளிம்பில் தட்டப் போனாள். ஹாலில் இருந்து பேத்தி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

என் இடுப்பில் இருந்த தலை திரும்பியது. முதல் தடவை. சும்மா சத்தத்துக்குத் திரும்புகிற மாதிரி இல்லை. என்னைத்தானே, என்கிற மாதிரி.

கிழவி திரும்பவில்லை. முட்டை கோப்பைக்கு மேலேயே நின்றது.

"திரும்பிச்சா?" என்றாள், சுவரைப் பார்த்தபடி.

"எங்க? ஒங்களை மாதிரி டமாரச் செவிடு. மரம் மாதிரி இருக்கு."

அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன். முட்டை அப்போதும் உடையவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அவள் திரும்பியிருப்பாள்.

"பொய் சொல்றே."

"ஆமா."

"எப்படித் திரும்பிச்சு? சொல்லு."

"முதல்ல கண்ணு போச்சு. அப்புறம் தாடை. அப்புறம் கழுத்து மொத்தமா, ஒடிஞ்சிரும்போல. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகதுக்கு முன்னால திரும்புவியளே, அதேதான். அதே திமிரு."

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னேன். கண், தாடை, கழுத்து. ஹாலில் பேத்தி மறுபடி கூப்பிட்டாள். குழந்தை மறுபடி திரும்பியது. கிழவி முட்டையைக் கோப்பையில் உடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தாள். ரத்தப்பொட்டு ஏதும் இல்லை என்று எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.